களிம்பும் ஏடும்

(நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வியின் பயனைப் பற்றிப் பேசுமாறு கழகத்தார் என்னைப் பணித்தார்கள். அதனை ஒரு களிம்பை முன்வைத்துப் பேசலாமா என்று நான் கேட்டேன். செயலாளர் சற்றே வியந்தார், பின்னர் இசைந்தார். கல்வி உயர்வு தரும், பதவி தரும், பெருமை தரும் என்று இம்மேடையில் பலரும் அழகாகக் கூறிவிட்டனர். நானோ, நம் வீட்டு அடுப்படியில் ஒரு சிறு மண்கலயத்தில் இருந்த களிம்பொன்று கல்வியைப் பற்றி எனக்குக் கற்பித்த இரண்டு பாடங்களைச் சொல்லவே வந்துள்ளேன். அவ்விரண்டும் என் குடும்பம் விலை கொடுத்துக் கற்ற பாடங்கள். நீங்கள் விலையின்றிக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் விருப்பம்.

உழைப்பவர் தோல்

நம் கம்பம் பள்ளத்தாக்கு வளமான பூமி. 1895-ஆம் ஆண்டு முல்லைப் பெரியாற்று அணை கட்டி முடிக்கப்பட்டு நீர் வந்த நாள் முதலாகக் கூடலூர் தொடங்கிக் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வரையிலும் நெல் விளைந்து வருகிறது. தென்னையும் வாழையும் திராட்சையும் செழிக்கின்றன. வழிப்போக்கர் வண்டியை நிறுத்தி இப்பசுமையைக் கண்டு மகிழ்கின்றனர். ஆனால் அந்தப் பசுமையின் கணக்கு யாருடைய தோலின் மேல் எழுதப்பட்டிருக்கிறது என்பதை அவர்கள் அறியார்.

நடவு காலத்தில் காலை முதல் மாலை வரை சேற்றில் நின்ற நம் தாய்மாரின் கால் விரல் இடுக்குகளில் சேற்றுப்புண் வைத்தது. கோடையிலே குதிகால் பாளம் பாளமாக வெடித்தது. திராட்சைத் தோட்டத்தில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தைத் தெளித்தவர்களின் கைகள் காய்ந்து எரிந்தன. பொழுது புலருமுன்னே ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, கம்பமெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் ஏலத்தோட்டங்களுக்குச் சென்று திரும்பும் பெண்களின் கால்களில் அட்டைக்கடியின் வடுக்களை இன்றும் காணலாம். செத்த மாட்டின் தோலை ஆவாரம்பட்டை ஊறிய நீரிலே பதப்படுத்தி, எண்ணெய் தடவி மென்மையாக்கி, ஊரார் காலுக்குச் செருப்புச் செய்து கொடுத்தவர்களும் நம்மவரே. அவர்களுடைய உள்ளங்கை வெடிப்புக்கு எண்ணெய் தடவ யார் வந்தார்?

புண்ணுக்கு முதல் மருந்து தூய நீர் என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. அந்த நீரே நமக்கு மறுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1927-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள், அண்ணல் அம்பேத்கர் மகாடு நகரத்துச் சவுதார் குளத்திலே இறங்கி நீரை அள்ளிப் பருகியது, தாகத்துக்காக மட்டுமன்று. நீர் அனைவர்க்கும் உரியது என்பதை நிலைநாட்டவே ஆகும். பொதுக்கிணற்றில் நீர் எடுக்கவியலாதவன் தன் புண்ணை எதைக் கொண்டு கழுவுவான்? தீட்டென்று கருதி நாடி பார்க்கவும் தயங்கிய வைத்தியர்கள் இருந்த நாளிலே, நம் மக்கள் தம் புண்ணுக்குத் தாமே மருந்து கண்டார்கள். அந்த மருந்துகளுள் ஒன்றுதான் நான் கூறவந்த களிம்பு.

அப்பத்தாவின் கலயம்

என் அப்பத்தா எழுத்தறியாதவர். ஆயினும் எந்த ஓடைக்கரையில் எந்தப் பச்சிலை எந்த மாதத்தில் தழைக்கும் என்பதை நன்கு அறிந்தவர். குப்பைமேனி, வேம்பு, மஞ்சள் ஆகிய மூன்றும் அவருடைய களிம்பில் இருந்தன என்பது எனக்குத் தெரியும். அவற்றைப் பறித்துக் கொடுத்தவனே நான்தான். வருசநாட்டு மலையிலிருந்து தேன் கொண்டு வரும் பளியர் இனத்தவரிடம் தேன்மெழுகைத் தானியத்துக்கு மாற்றிக்கொள்வார். எண்ணெய் காயும்போது எழும் மணம் தெருவெங்கும் பரவும். நடவு தொடங்குவதற்கு முன் வீடுதோறும் பெண்கள் சிரட்டையை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். ஒருவரிடமும் அவர் காசு வாங்கியதில்லை. இரவிலே என் அன்னையின் காலைத் தம் மடியில் தூக்கி வைத்து, வெடிப்பு வெடிப்பாக அந்தக் களிம்பைத் தடவுவார். மாமியார் மருமகளின் காலைத் தொட்டுத் தடவிய அக்காட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அக்களிம்பிலே நான்காவது பொருளாக ஒரு வேர் இருந்தது. அதனை அவரே தனியாகச் சென்று தோண்டி வருவார். வெயிலில் காய வைத்து இடித்துச் சேர்ப்பார். அது என்ன வேர்? நான் கேட்கவில்லை. எங்கள் தெருவிலே பள்ளியிறுதி வகுப்புத் தேறிய முதற்பிள்ளை நான். ஆசிரியப் பயிற்சி பெற்று, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவன். விடுமுறை தோறும் வீட்டிற்கு வந்தேன், அப்பத்தாவின் அருகே அமர்ந்தேன், உண்டேன், உறங்கினேன். ஒரு குறிப்பேட்டை எடுத்து, "இது என்ன வேர்? எவ்வளவு? எத்தனை நாழிகை காய்ச்ச வேண்டும்?" என்று ஒரு நாளேனும் எழுதிக்கொள்ளவில்லை. படித்தவனுக்கு அது அறிவாகத் தோன்றவில்லை என்பதே உண்மை. 1978-ஆம் ஆண்டு அவர் மறைந்தார். வேரின் பெயரும் அவரோடு மறைந்தது. எழுத்தறியாதவர் எழுதாமற் போனது குற்றமன்று. எழுத்தறிந்த நான் எழுதாமல் விட்டேனே, அதுதான் குற்றம்.

எழுதப்பட்டதே வழக்கில் நின்றது

ஒரு பாட்டியின் பக்குவம் போனால் உலகத்துக்கு என்ன இழப்பு என்று நீங்கள் எண்ணலாம். அதற்கு விடையாக, மஞ்சளைப் பற்றி நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

புண்ணின்மேல் மஞ்சள் தூளை இடுவது நம் நாட்டில் எந்த வீட்டிலும் உள்ள வழக்கம். 1995-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டிலுள்ள மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையம், புண்ணை ஆற்றுவதற்கு மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்குத் தனியுரிமைப் பட்டயம் பெற்றது. அதாவது, நம் பாட்டிமார் காலங்காலமாகச் செய்து வந்ததனை ஒரு புதிய கண்டுபிடிப்பு என்று அந்நாட்டு அலுவலகம் ஒப்புக்கொண்டது! அறிவியல் அறிஞர் மசேல்கர் தலைமையில் இருந்த நம் நாட்டு அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழு 1996-ஆம் ஆண்டில் இதனை எதிர்த்து முறையிட்டது.

இளைஞர்களே, இங்கே கவனியுங்கள். "எங்கள் நாட்டில் எல்லோரும் இதனை அறிவர்" என்று கூறுவது அங்கே போதுமான சான்றாகவில்லை. எழுதப்பட்ட, அச்சிடப்பட்ட சான்று வேண்டும் என்ற நிலை இருந்தது. நம்மவர் 32 ஆவணங்களைத் தேடித் திரட்டினர். பழைய நூல்கள் அவற்றுள் இருந்தன; 1953-ஆம் ஆண்டு இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்த ஒரு கட்டுரையும் இருந்தது. அவற்றின் வலிமையால் 1997-ஆம் ஆண்டு அந்த உரிமை தள்ளுபடி செய்யப்பட்டது. வேம்புக்கும் இதுவே நேர்ந்தது. வேப்பெண்ணெயைப் பூஞ்சைக்கு எதிராகப் பயன்படுத்தும் முறைக்கு ஐரோப்பாவில் 1994-இல் அளிக்கப்பட்ட உரிமை 2000-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டு, 2005-இல் அம்முடிவு உறுதி செய்யப்பட்டது. இந்த அனுபவங்களுக்குப் பின்னரே, நம் மரபு மருத்துவ நூல்களிலுள்ள முறைகளையெல்லாம் பிற நாட்டு அலுவலகங்கள் படித்தறியும் வகையில் தொகுக்கும் பணி 2001-ஆம் ஆண்டு தொடங்கியது. நம் சித்த மருத்துவமும் அதில் இடம்பெற்றுள்ளது.

நூலில் இருந்த அறிவு காப்பாற்றப்பட்டது. நூலிலே இடம்பெறாத, சேரித் தெருக்களின் அடுப்படிகளில் மட்டுமே வாழ்ந்த அறிவைக் காப்பாற்றுவது யார்? எழுத்து நமக்கு மறுக்கப்பட்டிருந்த காலத்தில் நம்மால் எழுத இயலவில்லை. இன்று இக்கழகத்தின் வாயிலாகவும் அரசின் வாயிலாகவும் எழுத்து நம் கைக்கு வந்துள்ளது. அந்த எழுத்தை விண்ணப்பப் படிவம் நிரப்புவதற்கு மட்டும் பயன்படுத்துவது போதுமா?

முன்னோடி ஒருவர்

இதற்கு நமக்கு வழிகாட்டி இல்லாமலில்லை. 1845-ஆம் ஆண்டு பிறந்து 1914-ஆம் ஆண்டு மறைந்த அயோத்திதாசப் பண்டிதர் ஒரு சித்த மருத்துவர். நாடி பார்த்து, மருந்து அரைத்துக் கொடுத்த அதே கைகள்தாம் 1907-ஆம் ஆண்டு 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் இதழைத் தொடங்கி வாரந்தோறும் எழுதின. மருத்துவத்தையும் எழுத்தையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. சென்னையை அடுத்த தாம்பரம் சானடோரியத்தில் 2005-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்திலே தோன்றிய ஒருவரின் பெயரைச் சொல்லித்தான் எல்லாச் சாதியாரும் இன்று அங்கே மருந்து பெறுகின்றனர். பெருமைக்காக மட்டும் இதனைச் சொல்லவில்லை. மருந்தை அறிந்தவர் அதனை எழுதவும் வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

அளவோடு ஒரு செய்முறை

அப்பத்தாவின் வேர் எனக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் எஞ்சியுள்ள மூன்றையும் கொண்டு, பல ஆண்டுகள் அளந்து அளந்து செய்து பார்த்து, நான் எழுதி வைத்துள்ள முறையை உங்களிடம் ஒப்படைக்கிறேன். குறிப்பேடு வைத்திருப்போர் எழுதிக்கொள்ளுங்கள்.

குப்பைமேனி இலை 50 கிராம், வேப்பிலைக் கொழுந்து 25 கிராம். இவற்றை நன்றாகக் கழுவி, ஈரம் போக நிழலில் ஒரு நாள் வாட விடுங்கள். விரலி மஞ்சளை வீட்டிலேயே இடித்துச் சலித்த தூள் ஒரு தேக்கரண்டி. கடையில் வாங்கும் தூளில் நிறத்திற்காக ஈயம் கலந்த சாயம் சேர்க்கப்படுவது உண்டு. ஆகவே கிழங்காக வாங்கி இடிப்பதே நன்று. தேங்காய் எண்ணெய் 200 மில்லி. தூய தேன்மெழுகு 40 கிராம்.

ஒரு பெரிய பாத்திரத்தில் நீரைக் கொதிக்க வைத்து, அதனுள் சிறிய பாத்திரத்தை இறக்கி, அதிலே எண்ணெயை ஊற்றி, இலைகளைக் கசக்கிப் போடுங்கள். நேரடித் தீயில் வைத்தால் இலை கருகிவிடும், எண்ணெயும் கெடும். சிறு தீயில் ஏறத்தாழ 2 மணி நேரம் வைத்தால் இலை மொறுமொறுப்பாகும். நீர்க்குமிழி எழுவது நிற்கும். இறக்கும் தறுவாயில் மஞ்சளைச் சேருங்கள். நம் முன்னோர் தைலம் காய்ச்சுகையில் மெழுகுப் பதம், கடுகுப் பதம், மணற் பதம் என்று பதம் பார்த்தனர். எண்ணெயில் நீர் இருக்கிறதா என்பதை அறிய எளிய வழி உண்டு. ஒரு திரியை அதில் நனைத்துக் கொளுத்திப் பாருங்கள். சடசடவென்று ஒலித்தால் நீர் இன்னும் இருக்கிறது. அமைதியாக எரிந்தால் நீர் அகன்றது. நீர் எஞ்சிய களிம்பில் பூசணம் பிடிக்கும்.

பின்னர், கொதிநீரில் இட்டு வெயிலில் உலர்த்திய பருத்தித் துணியால் வடிகட்டுங்கள். வடிந்த எண்ணெயை மீண்டும் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, சீவிய தேன்மெழுகை இட்டு உருக்குங்கள். ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டுப் பாருங்கள். மிக இளகியிருந்தால் சிறிது மெழுகும், மிக இறுகியிருந்தால் சிறிது எண்ணெயும் சேர்க்கலாம். கொதிநீரில் அலசி உலர்த்திய கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, ஆறிய பின் மூடுங்கள். செய்த நாளையும், சேர்த்த பொருள்களையும் ஒரு தாளில் எழுதிக் குப்பியின்மேல் ஒட்டுங்கள். 6 மாதத்திற்குமேல் வைத்திருக்க வேண்டா. சிக்கு நாற்றம் வந்தால் அதற்கு முன்னரே எறிந்துவிடுங்கள். ஈரக்கையால் எடுக்காதீர்கள்.

முதன்முறை பூசுவோர் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்திருங்கள். அரிப்போ சிவப்போ தோன்றினால் அது உங்களுக்கு ஆகாது. இது மேற்பூச்சு மட்டுமே, உட்கொள்ளத் தக்கதன்று.

இக்களிம்பு எவ்வாறு வேலை செய்கிறது? எண்ணெயும் மெழுகும் தோலிலுள்ள ஈரம் வெளியேறாதபடி காக்கின்றன. வெடிப்பின் விளிம்பு இளகிக் கூடுகிறது. புண் காய்ந்து பொருக்குக் கட்டினால்தான் விரைவில் ஆறும் என்று வெகுகாலம் நம்பப்பட்டது. 1962-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வின்டர் என்னும் அறிஞர், மேலோட்டமான புண் ஈரப்பதத்தோடு மூடப்பட்டிருந்தால் புதுத்தோல் விரைவாக வளர்கிறது என்பதனை ஆய்ந்து காட்டினார். மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் பொருளை 1815-ஆம் ஆண்டிலேயே வேதியியலார் பிரித்தெடுத்தனர். அது வீக்கத்தைத் தணிக்க வல்லது என்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. ஆகவே அப்பத்தாவின் கை அறிந்ததில் அறிவியலுக்கு உடன்பாடான பகுதி உண்டு. அனைத்தும் உடன்பாடு என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். இதுவே என் இரண்டாம் பாடம்.

களிம்பின் எல்லை

என் அத்தை, அதாவது அப்பத்தாவின் கடைசி மகள், எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர். என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, அவருடைய இடது முன்கையிலே ஒரு வெளிறிய படை தோன்றியது. அரிப்பில்லை, வலியில்லை. தேமல் என்று எண்ணினார்கள். அப்பத்தா தம் களிம்பை எடுத்தார். காலையும் மாலையும் அன்போடு தடவினார். இரண்டு ஆண்டுகள் தடவினார்.

ஒரு நாள் அத்தை அடுப்பிலிருந்து சுடுசோற்றுப் பானையைத் துணியின்றி இறக்கினார். தோல் வெந்து கொப்புளித்தது. அவரோ ஒன்றும் நேராதது போல் நின்றார்.

"கை சுடலையாடி ஒனக்கு?" என்று அப்பத்தா பதறினார்.

"இல்லையே ஆத்தா" என்றார் அத்தை.

அந்த ஒரு சொல்லிலே நோயின் பெயர் இருந்தது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அதனைப் படிக்கத் தெரியவில்லை. அது தொழுநோய். அந்த நோய்க்கான கிருமியை நார்வே நாட்டு ஆன்சன் என்னும் மருத்துவர் 1873-ஆம் ஆண்டிலேயே கண்டுவிட்டார். செங்கற்பட்டை அடுத்த திருமணியில் நடுவண் அரசின் தொழுநோய் ஆய்வு நிறுவனம் 1955 முதல் இயங்கி வந்தது. அத்தைக்கு நோய் கண்ட காலத்தில் டாப்சோன் மாத்திரை நம் மாநிலத்திலே கிடைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் அறியாமலிருந்தோம். அறிந்தபோது மூன்று விரல்கள் மடங்கிப்போயிருந்தன. அவர் பின்னர் மருந்துண்டு நோய் நீங்கி, நீண்ட நாள் வாழ்ந்தார். ஆயினும் அந்த விரல்கள் நிமிரவில்லை. அவருக்குத் திருமணமும் நடக்கவில்லை. ஊரார் தீண்டாத தெருவிலே, தெருவாரும் தீண்டாத ஒருவராக அவர் சில ஆண்டுகள் வாழ்ந்தார். அப்போதும் அவருக்குக் களிம்பு தடவிய கை அப்பத்தாவின் கை ஒன்றுதான்.

அப்பத்தாவை நான் குறை கூறவில்லை. அவருடைய அன்பில் குறையில்லை, களிம்பிலும் குறையில்லை. இது எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பதை அவருக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. மருந்தின் குணத்தை அனுபவம் கற்பித்துவிடும். மருந்தின் எல்லையைக் கற்பிப்பதற்குத்தான் கல்வி வேண்டியிருக்கிறது.

இன்று நிலைமை மாறியுள்ளது. 1981-ஆம் ஆண்டு உலக நலவாழ்வு நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது; நம் நாட்டிலும் 1983 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நோயின் வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ மருந்துண்டால் நோய் முற்றும் நீங்கும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகவே கிடைக்கிறது. நம் ஆண்டிபட்டியிலே ஆரோக்கிய அகம் இந்நோயுற்றோர்க்காகப் பல்லாண்டுகள் பாடுபட்டது. தொழுநோயைக் காரணமாகக் காட்டி மணமுறிவு கேட்கும் பழைய விதியையும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிவிட்டது. எனினும் நோய் அடியோடு ஒழிந்துவிடவில்லை. உணர்ச்சியற்ற படை எங்கேனும் தோன்றினால் அதன்மேல் எந்தக் களிம்பையும் தடவாதீர்கள். அன்றைக்கே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள்.

வேறு எங்கெல்லாம் களிம்பு கூடாது என்பதையும் கூறிவிடுகிறேன். சேற்றுப்புண்ணுக்கு இது ஆகாது. விரல் இடுக்கில் ஊறிய ஈரத்தை எண்ணெய் அடைத்து வைத்தால் பூஞ்சை பெருகும். அங்கே கழுவித் துடைத்து உலர வைப்பதே முதல் மருத்துவம். களிம்பு குதிகால் வெடிப்புக்கும், காய்ந்த கைகளுக்கும், மேலோட்டமான கீறலுக்கும் உரியது. சொறி சிரங்கு குடும்பம் முழுவதற்கும் பரவக் கூடிய நுண்பேனால் வருவது. வீட்டார் அனைவரும் ஒரே நேரத்தில் மருத்துவம் செய்துகொள்ள வேண்டும். தீப்புண்ணுக்கு ஓடும் குளிர்ந்த நீரே முதலுதவி. நாய் கடித்தால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி, உடனே தடுப்பூசிக்கு ஓட வேண்டும். மஞ்சளோ மிளகாயோ எண்ணெயோ அதன்மேல் வைக்கக் கூடாது. நீரிழிவு உள்ளவர்களின் பாதப் புண் எவ்வளவு சிறிதாயினும் மருத்துவரிடம் காட்டப்பட வேண்டும். ஆழமான வெட்டுக்காயத்தின்மேல் சாணமும் சாம்பலும் வைத்த பழைய வழக்கம் இரணசன்னியை வரவழைத்தது. அதனை அடியோடு விட்டுவிடுங்கள். சித்த மருத்துவத்தில் குங்கிலிய வெண்ணெய், மத்தன் தைலம் முதலிய சிறந்த புண் மருந்துகள் உள்ளன. ஆனால் துருசு, ஊமத்தை, பாதரசம் சேரும் மருந்துகளை முறையாகப் பயின்ற மருத்துவரே செய்ய வேண்டும். படித்தறிந்த செருக்கில் வீட்டில் எவரும் முயல வேண்டா.

இளைஞர்களுக்கு ஒரு பணி

வெள்ளி விழா என்பது இருபத்தைந்து ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கும் நாள் மட்டுமன்று; அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒரு பணியை மேற்கொள்ளும் நாளும் ஆகும். நான் ஒரு சிறிய பணியைக் கோருகிறேன். உங்கள் வீட்டில் எழுபது வயதைக் கடந்த பாட்டியோ தாத்தாவோ இருந்தால், இந்த விடுமுறையிலேயே அவர் அருகே ஒரு குறிப்பேட்டுடன் அமருங்கள். இலையின் பெயரைக் கேளுங்கள். அவர் "ஒரு கை" என்று சொன்னால், அவர் கையாலேயே அள்ளி வைக்கச் செய்து தராசில் நிறுத்து எழுதுங்கள். எந்த நோய்க்கு, எத்தனை நாள், எவருக்கு ஆகாது என்பதையும் எழுதுங்கள். யாரிடம் கேட்டு எழுதினீர்களோ அவர் பெயரை முதல் வரியில் எழுதுங்கள். அதனைப் பிறர்க்குக் கொடுப்பதற்கு முன் அவருடைய இசைவைப் பெறுங்கள். அது அவருடைய சொத்து. நம் சமூகத்திலிருந்து மருத்துவமும் மருந்தியலும் செவிலியமும் பயின்று வந்துள்ள தம்பிமாரும் தங்கைமாரும் அக்குறிப்பேடுகளைப் படித்து, எது நன்மை, எது தீமை, எதனை ஆராய வேண்டும் என்று குறித்துத் தரட்டும். கழகம் அவற்றைத் தொகுத்து நூலாக்கட்டும்.

இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் தீங்கே. எழுதாமல் விட்டால் என் அப்பத்தாவின் வேரைப் போல் அறிவு அழியும். எழுதியதை ஆராயாமல் நம்பினால் என் அத்தையின் விரல்களைப் போல் வாழ்வு மடங்கும்.

இவ்வுரைக்கு வருமுன், நேற்று மாலை என் பேத்தி புதிதாகக் காய்ச்சிய களிம்பை ஒரு குப்பியில் அடைத்து என்னிடம் கொடுத்தாள். குப்பியின்மேல் ஒட்டிய தாளில் நாளும் அளவும் இருந்தன. அதன் கீழே, "உணர்ச்சியில்லாத படைக்குப் பூசாதீர்கள், மருத்துவமனைக்குச் செல்லுங்கள்" என்று அவளே எழுதியிருந்தாள். என் அத்தையை அவள் கண்டதில்லை, கதையைக் கேட்டிருக்கிறாள். அக்குப்பியை இக்கழகத்தின் நூலகத்திற்குக் கொண்டு வந்துள்ளேன். ஆறு மாதத்தில் அந்தக் களிம்பை எறிந்துவிடுங்கள். அந்தத் தாளை மட்டும் பிரித்தெடுத்துப் பத்திரமாக வையுங்கள்.